பதினொரு விநாடி

எடுத்தது நவம்பரில். கதைப்படி ஜூலை.
மூச்சு புகையாகத் தெரிந்துவிடக் கூடாதென்று
ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால்
ஆளுக்கொரு ஐஸ்கட்டி வாயில் போட்டார்கள்.
அரைக்கைச் சட்டையில் இருநூறு பேர்
பல் கிட்டிப்போய் நின்றோம்.
வேர்வையை ஒரு பெண் வந்து
நெற்றியில் தெளித்துவிட்டுப் போனாள்.

சோஃபியாவுக்கு வெளியே, விதோஷா மலையடியில்
ஒட்டுப்பலகையில் எழுப்பிய அமெரிக்கத் தெரு.
நாளுக்கு எண்பது லெவா, ஒரு கிண்ணம் பீன்ஸ் சூப்.
வேலை இவ்வளவுதான்:
வானத்தில் ஒன்றும் இருக்காது,
இருப்பதாக அலற வேண்டும்,
ஓட வேண்டும்.
ஒலிபெருக்கி ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது:
"யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள்."

பதினெட்டு மாதம் கழித்து
பெர்னிக் தியேட்டரில், ஒன்பதாம் வரிசை.
சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைக்
கோட்டுக்குள் கடத்தி வந்திருந்தான் ஒக்னியான்.
நான் முதலில் தேடியது மலையை.
காணோம். துடைத்துவிட்டிருந்தார்கள்.
அந்த இடத்தில் முப்பது கண்ணாடிக் கட்டடங்கள்,
பிற்பாடு உடைப்பதற்காக.

பொய் சொல்லக் கூடாது.
முதல் ஒரு மணி நேரம்
விதை கொறிக்கவே மறந்துபோனான் ஒக்னியான்.
டிராமின் கூரைமேல் இன்னொரு டிராம் தாவுகிற
அந்தத் துரத்தலில்
முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து நின்றுவிட்டான்.
யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை.

கதாநாயகன் மணிக்கட்டில் ஒரு கருவி.
அழுத்தினால் காலம் பின்னால் போகும்.
பதினொரு விநாடி, அதற்கு மேல் நகராது.
ஏழு முறை அழுத்தினான்:
தனக்காக நான்கு,
விஞ்ஞானிப் பெண்ணுக்காக இரண்டு,
ஒரு நாய்க்காக ஒன்று.
எங்கள் இருநூறு பேருக்காக
அவன் கட்டைவிரல் அசையவே இல்லை.

ஆனாலும் நான்காவது முறையில்
நான் வந்தேன்.
ஓடுகிறேன். இடது செருப்பின் வார் அறுகிறது.
(அன்று நிஜமாகவே அறுந்தது. புதுச் செருப்பு.
அரை நாள் கூலி.)
ஒலிபெருக்கியை மீறித் திரும்பிப் பார்க்கிறேன்,
வானத்தை அல்ல, செருப்பை.
அந்தப் படம் முழுக்க
வேறு எந்த முகமும் அவ்வளவு பதறவில்லை.
அப்போது பார்த்து அவன் அழுத்துகிறான்.
புழுதி தரைக்குள் போகிறது,
சில்லெல்லாம் ஜன்னலுக்குத் திரும்புகிறது,
நான் பின்பக்கமாகவே ஓடிவந்து
செருப்புக்குள் காலை நுழைக்கிறேன்.
வார் ஒட்டிக்கொள்கிறது.
ஒரு கணம்
இரண்டு காலிலும் செருப்போடு நிற்கிறேன்,
என்ன வரப்போகிறதென்று தெரியாமல்.

படம் அங்கே இருந்தது.
காமிராவுக்குத் தெரியவில்லை,
அவன் தாடையைத் தேடிப் போய்விட்டது.

அப்புறம் நாற்பது நிமிஷம் வெடித்துக்கொண்டே இருந்தது.
எல்லாவற்றையும் விளக்கினாள் விஞ்ஞானிப் பெண்,
ஓடிக்கொண்டே, இரைக்காமல்.
அவள் வாயிலும் ஐஸ்கட்டி இருந்திருக்கும்.
கடைசியில் கருவியை அவன் கடலில் எறிந்தான்.
அலை ஒதுக்கிக் கரையில் கிடந்து மினுங்கியது,
அடுத்த பாகத்துக்காக.

வெளியே சாரல். "எப்படி?" என்றேன்.
தலையை இடவலமாக ஆட்டினான்.
எங்கள் நாட்டில் அதற்கு ஆமாம் என்று பொருள்.
கொஞ்சம் நடந்ததும் நாக்கைச் சொட்டி
முகவாயை மேலே தூக்கினான். அது இல்லை.
இரண்டும் சரிதான்.

பஸ்ஸில் சிரித்துக்கொண்டே கேட்டேன்,
"பதினொரு விநாடி எந்த மூலைக்குக் காணும்?"
சுரங்கத்துக் கன்வேயர் கொண்டுபோன
இரண்டு விரல்கள் இருந்த இடத்தை
மற்றக் கையால் தடவிக்கொண்டிருந்தான்.
"நாலே போதும்" என்றான்.
பிறகு, இரண்டு நிறுத்தம் தாண்டி,
"அந்தச் செருப்பைத் தைத்தாயா?"